கொல்லிக் கலம் சொல்லும் சேதி: பாலியல் பற்றீரியாத் தொற்றில் என்.கே. கலங்கள்

சலக்கடுப்பு இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுத் தானாக அடங்கினால், "உடம்பு தானே பார்த்துக்கொண்டிட்டுது" என்று விட்டுவிடும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களிடமும் உண்டு. வெள்ளைபடுதலுக்கும் இதே கதைதான். உடம்பு பார்க்கத்தான் செய்கிறது. கிருமி நுழைந்த முதல் நாளிலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. ஆனால் அது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் பிசகுகிறது என்று தெரிந்தவர்கள், அறிகுறி அடங்கியதை வைத்துக்கொண்டு நோய் போய்விட்டது என்று சொல்லமாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும், உடலுறவால் பரவும் கிளமிடியாத் தொற்று புதிதாக 12 கோடியே 90 இலட்சம் பேருக்கும், கொனோறியா 8 கோடியே 20 இலட்சம் பேருக்கும் ஏற்பட்டது. இரண்டும் பற்றீரியாக்கள், இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன: பெண்ணில் கருப்பைக் கழுத்து, ஆணில் சலவழி. இருந்தும் நிர்ப்பீடனத் தொகுதி இரண்டையும் ஒரேமாதிரி எதிர்கொள்வதில்லை. அந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டுவது இயற்கைக் கொல்லிக் கலம், சுருக்கமாக என்.கே. கலம்.

இதற்குப் பெயர் வந்தது 1975இல். புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் நிணநீர்க்குழியங்களை (வெண்குழியங்களில் ஒரு வகை) ஆராய்ந்தவர்கள், முன்பின் அந்தக் கலங்களைக் கண்டிராத எலியின் குழியங்களும் அவற்றைக் கொல்வதைப் பார்த்தார்கள். சுவீடனில் கீஸ்லிங் குழுவும் அமெரிக்காவில் ஹெர்பர்மன் குழுவும் தனித்தனியே இதைக் கண்டன. பயிற்சி இல்லாமலே, இயல்பாகவே கொல்வதால் "இயற்கைக் கொல்லி". குருதியில் உள்ள நிணநீர்க்குழியங்களில் ஏறக்குறைய 5 முதல் 15 வீதம் இவைதான். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் பாலியல் தொற்றுகளைப் பொறுத்தவரை அந்தப் பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கொல்வதோடு இந்தக் கலத்துக்கு இன்னொரு வேலை உண்டு: சேதி சொல்வது. கிளமிடியாவில் அந்தச் சேதிதான் கூடுதலான வேலையைச் செய்கிறது, கூடுதலான சிக்கலையும் உண்டாக்குகிறது.

(தமிழில் மருத்துவம் எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மானிப்பாயில் அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தவர். பாலியல் நோய் என்று வந்தால் மட்டும் நாம் ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் மறைந்துகொள்ள வேண்டியதில்லை.)

என்.கே. கலம் எப்படி ஆள் பார்க்கிறது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்குவது சுலபம். அடையாள அட்டை கையில் இல்லாமல் வெளியே போக அஞ்சிய காலத்தை நாம் கடந்து வந்திருக்கிறோம். நம் உடலின் கருவுள்ள கலம் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஓர் அட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறது. எம்.எச்.சி. முதலாம் வகுப்பு மூலக்கூறு என்பது அதன் பெயர். என்.கே. கலம் வந்து முட்டும்போது அட்டை தெரிந்தால், அதிலுள்ள தடுப்பு வாங்கிகள் "விடு" என்கின்றன. அட்டை குறைந்திருந்தால் தடுப்புத் தளர்கிறது. "தன்னைக் காணவில்லை" என்ற இந்தக் கருத்தை 1980களில் முன்வைத்தவர் சுவீடனின் கிளாஸ் காரே. அட்டை இல்லாதது மட்டும் போதாது. கலம் நெருக்கடியில் இருப்பதற்கான அடையாளமும் தெரியவேண்டும். எம்.ஐ.சி.ஏ. என்ற புரதம் அப்படியொரு அடையாளம். கலம் தொற்றாலோ வேறு காரணத்தாலோ நெருக்கடிக்குள்ளாகும்போது அது மேற்பரப்பில் கூடுகிறது, என்.கே. கலத்தின் என்.கே.ஜீ.2டி என்ற வாங்கி அதைப் பிடிக்கிறது. தடுப்புக் குறைந்து தூண்டல் கூடினால் சமநிலை சாய்கிறது. உடனே துகள்கள் கொட்டப்படுகின்றன: பேர்போரின் என்ற புரதம் இலக்குக் கலத்தின் மென்சவ்வில் துளையிட, கிரான்சைம் என்ற நொதியம் உள்ளே போய் அந்தக் கலத்தைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது.

நிணநீர்க்குழியத்தின் இன்னொரு வகையான ரீ கலமும் கொல்கிறது என்றாலும் அது எதிரியின் துண்டொன்றை அந்த அட்டையில் வைத்துக் காட்டும்வரை காத்திருக்கும். அதற்கு நாட்கள் எடுக்கும். என்.கே. கலத்துக்கு மணித்தியாலங்கள் போதும்.

புற்றும் ஈசலும்

கிளமிடியா டிரக்கோமாட்டிசு கலத்துக்குள் மட்டுமே பெருகக்கூடியது. அதற்கு இரண்டு வடிவம். வெளியே திரிவது ஏறக்குறைய 0.3 மைக்ரோமீற்றர் அளவான, கெட்டியான, பெருக முடியாத, ஆனால் தொற்றக்கூடிய வடிவம். உறுப்பின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மேலணிக் கலத்துக்குள் புகுந்ததும் அது ஒரு மென்சவ்வுப் பைக்குள் இருந்துகொண்டு, ஏறக்குறைய 1 மைக்ரோமீற்றராக ஊதி, பெருகும் வடிவமாக மாறுகிறது. இந்த இரண்டாவது வடிவம் பிளந்து பிளந்து பெருகும். ஆனால் வெளியே வந்தால் இன்னொரு கலத்தைத் தொற்றாது. தொற்றி ஒரு நாள் ஆகும் அளவில் அவற்றிற் பல திரும்பவும் சிறிய தொற்றும் வடிவமாக மாறத் தொடங்குகின்றன. 48 முதல் 72 மணித்தியாலத்தில் கலம் உடைய, நூற்றுக்கணக்கானவை வெளியேறுகின்றன.

வேலிக் கதியாலுக்குள் இருக்கும் கறையானை நினைத்துப் பாருங்கள். வெளியே பட்டை அப்படியே இருக்கும், உள்ளே கூடு நிறைந்திருக்கும். புற்றை எப்போது உடைக்கிறோம் என்பதுதான் கேள்வி. இறகு முளைக்குமுன் உடைத்தால் உள்ளிருப்பது வெயிலில் காய்ந்து அழியும். முதல் மழைக்கு இறகு முளைத்தபின் உடைத்தால் ஈசலாக நாலாபக்கமும் பறக்கும். என்.கே. கலம் கிளமிடியா நுழைந்த கலத்தை முதல் ஒரு நாளுக்குள் கொன்றால், உள்ளிருக்கும் பெருகும் வடிவங்கள் கலத்தோடு சேர்ந்து முடிகின்றன. இரண்டாம் நாள் முடியும் அளவில் கொன்றால், கொல்லியே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

உண்மையில் எப்போது கொல்கிறது? 2004இல் வெளியான ஆய்வொன்றில், வளர்ப்பிலுள்ள மனிதக் கருப்பைக் கழுத்து மேலணிக் கலங்களில் கிளமிடியாவைத் தொற்றவைத்துப் பார்த்தார்கள். அட்டை குறைந்தது, எம்.ஐ.சி.ஏ. கூடியது, என்.கே. கலங்கள் கொல்லத் தொடங்கின. ஆனால் கொலை தெளிவாகத் தெரிந்தது தொற்றி ஏறக்குறைய ஒன்றரை நாள் கழித்துத்தான். கொஞ்சம் பிந்திய நேரம் அது. பெருகுவதும் இறகு முளைப்பதும் ஒரே பைக்குள் ஒன்றாக நடக்கும் கட்டம். ஒரு பகுதி கிருமி அங்கேயே முடியும், இன்னொரு பகுதி தப்பும். கொல்லும் ஆயுதத்தை மட்டும் நம்பியிருந்தால் உடல் இந்தப் போட்டியில் வெல்வது கடினம்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அட்டை குறைவது தொற்றிய கலத்தில் மட்டும் நடப்பதில்லை. தொற்றாத பக்கத்துக் கலங்களிலும் அது குறைவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எம்.ஐ.சி.ஏ. கூடுவதோ தொற்றிய கலத்தில் மட்டும். எனவே அட்டை இல்லாத இரண்டு கலங்களில் எது குற்றவாளி என்று என்.கே. கலம் பிரித்தறிவதற்கு இந்த இரண்டாவது அடையாளம் உதவுகிறது. அட்டை குறைவது ரீ கலத்தை ஏமாற்ற நல்ல தந்திரம். அதே தந்திரம் என்.கே. கலத்தின் முன் கிருமியைக் காட்டிக்கொடுக்கிறது.

சேதியும் அதன் விலையும்

தொற்றிய மேலணிக் கலம் இன்டர்லூக்கின் 18 என்ற சேதிப் புரதத்தைச் சுரக்கிறது. அருகில் காவல் நிற்கும் டென்ட்ரிட்டிக் கலங்கள் கிருமியைத் தொட்டதும் இன்டர்லூக்கின் 12ஐச் சுரக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால்தான் என்.கே. கலம் முழு வீச்சில் தன் சேதியான இன்டர்பெரோன் காமா என்ற புரதத்தைக் கொட்டும். ஒன்று மட்டும் வந்தால் அரைகுறைதான். 1998இல் வெளியான எலி ஆய்வில், பிறப்புறுப்பில் கிளமிடியாவைத் தொற்றவைத்து 12 மணித்தியாலத்துக்குள்ளேயே என்.கே. கலங்கள் அங்கே வந்து இன்டர்பெரோன் காமா தரத் தொடங்கியிருந்தன. அவற்றை நீக்கிய எலிகளில் தொற்று அகல நாள் கூடியது. பின்னால் உருவான பிறபொருளெதிரியின் வகையே மாறியது. முதல் நாளில் கிடைக்கும் இந்தச் சேதிதான் அடுத்த வாரங்களில் ரீ கலங்கள் எந்த வழியில் போகவேண்டும் என்பதற்குத் தடம் போடுகிறது.

மனிதக் கலத்தில் இன்டர்பெரோன் காமா செய்வது என்ன? பட்டினி போடுகிறது. ஐ.டி.ஓ. என்ற நொதியத்தைக் கலம் உருவாக்குகிறது. அது டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை உடைத்துத் தீர்த்துவிடுகிறது. கிளமிடியாவால் டிரிப்டோபானை அடியிலிருந்து தானே தயாரிக்க முடியாது. உலை வைக்க அரிசி இல்லாத வீடு மாதிரி. பெருக்கம் நிற்கிறது, பலது சாகிறது.

ஆனால் எல்லாம் சாவதில்லை. டிரிப்டோபான் குறைந்தாலும் முற்றாக அற்றுப்போகாத இடத்தில், கிளமிடியா பிளவை நிறுத்தி, வழக்கத்துக்கு மாறாகப் பெருத்து, உயிரோடு பதுங்கிவிடுகிறது. இந்த நிலையில் அது தொற்றும் வடிவத்தைத் தருவதில்லை, அறிகுறியும் அடங்கியிருக்கலாம். இன்டர்பெரோன் குறைந்து டிரிப்டோபான் திரும்பியதும் வழமையான சுழற்சிக்கு வந்துவிடும். ஆய்வுகூடத்தில் பலமுறை காட்டப்பட்ட விடயம் இது. "தானாக மாறிட்டுது" என்ற பேச்சின்மேல் எங்களுக்குப் பயம் ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறப்புறுப்பைத் தொற்றும் கிளமிடியா இனங்களிடம் இன்னொரு சாவியும் இருக்கிறது. கண்ணில் டிரக்கோமாவை ஏற்படுத்தும் இனங்களிடம் அது வேலைசெய்வதில்லை. இன்டோல் என்ற பொருள் கிடைத்தால் அதிலிருந்து டிரிப்டோபானைச் செய்யக்கூடிய நொதியம் அது. இன்டோலை யார் தருவார்? ஆரோக்கியமான யோனியில் இலக்டோபசிலசு வகை பற்றீரியாக்கள் நிறைந்து அமிலத்தன்மையைக் காக்கின்றன. அவை குறைந்து வேறு பற்றீரியாக்கள் பெருகும்போது, அவற்றிற் சில இன்டோலைச் சுரக்கின்றன. அதாவது என்.கே. கலம் சேதி அனுப்பி, மேலணிக் கலம் சோற்றை மறைத்துவைத்தாலும், பக்கத்து வீட்டிலிருந்து அரிசி வந்துவிடுகிறது. டெட்டோல் போன்ற கிருமிநாசினிகளாலோ நறுமணத் திரவங்களாலோ உட்பகுதியைக் கழுவவேண்டாம் என்று பெண்களுக்குச் சொல்வதில் இந்த உயிரியலும் அடங்கியிருக்கிறது. தண்ணீரால் வெளிப்புறம் கழுவுவது போதும்.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதில் கவனம் வேண்டும். எலிக் கலத்தில் இன்டர்பெரோன் காமா ஐ.டி.ஓ. வழியாக வேலைசெய்வதில்லை, கிருமியின் பையையே தாக்கும் வேறொரு புரதக் கூட்டத்தை எழுப்புகிறது. எலிக்கு இயல்பான கிளமிடியா இனமும் வேறு. எலியின் அந்த ஆயுதத்துக்கு அது தப்பிக்கொள்கிறது. என்.கே. கலங்களை நீக்கப் பல ஆய்வுகளில் பயன்பட்ட பிறபொருளெதிரி வேறு சில கலங்களையும் சேர்த்து நீக்கிவிடும். நேரக் கணக்குக்கும் திசைக்கும் எலி நல்ல வழிகாட்டி, கொல்லும் பொறிமுறைக்கு அல்ல.

விலை என்னவென்றால், வீக்கம். சேதி நீண்ட நாள் ஓய்வில்லாமல் ஒலித்தால் விழுங்கு கலங்களும் நடுநிலைநாடிகள் என்ற வெண்குழியங்களும் வந்து குவிந்து இழையத்தைச் சிதைக்கின்றன. பலோப்பியன் குழாயின் உள்ளே மெல்லிய பிசிர்கள் அசைந்துதான் சூலை நகர்த்துகின்றன. அங்கே தழும்பு விழுந்தால் குழாய் ஒட்டிக்கொள்ளும். கரு குழாயிலேயே தங்கும் ஆபத்தும் பிள்ளை தங்காத நிலையும் அதனால் வருகின்றன. சிகிச்சை செய்யாத கிளமிடியாவில் 10 முதல் 15 வீதமான பெண்களுக்கு இடுப்பறை அழற்சி ஏற்படுவதாகக் கணக்கிடப்படுகிறது. பிள்ளை இல்லை என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைக்கும் ஒரு பெண்ணின் குழாயில், அவள் ஒருபோதும் உணராத ஒரு தொற்றின் தழும்பு இருக்கலாம். அவளைக் குறைசொல்லும் ஊர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கருப்பையின் என்.கே. கலங்கள் தனி வகை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருப்பை உட்படையிலுள்ள வெண்குழியங்களில் ஏறக்குறைய 70 வீதம் இவைதான். இவை கொல்வதில் ஆர்வம் காட்டுவதில்லை. குருதிக்கலன்களை அகலப்படுத்தி நஞ்சுக்கொடிக்கு வழி செய்கின்றன. கைக்குருதியில் என்.கே. கலத்தை எண்ணிவிட்டுக் கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது, முற்றவெளியில் நின்று நெடுந்தீவின் மழையை அளப்பது போன்றது.

கொனோறியா: வேறு ஆள், வேறு தந்திரம்

1879இல் ஆல்பர்ட் நைசர் கண்ட கொனோறியாப் பற்றீரியா பெரும்பாலும் கலத்துக்கு வெளியே மேலணியில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. இரண்டு அவரை விதையை முகம்பார்த்து வைத்த மாதிரி சோடியாக இருக்கும். ஆணில் 2 முதல் 5 நாளில் சீழும் எரிவும் தெரிந்துவிடுவது வழமை. அந்தச் சீழ் முழுக்க நடுநிலைநாடிகள். வெளியே இருப்பவனைத் தேட அட்டை பார்ப்பதில் பயன் குறைவு, என்.கே. கலத்தின் கொல்லும் கை இங்கே பெரும்பாலும் சும்மா இருக்கிறது. இன்டர்பெரோன் காமாவோ உதவக்கூடியது. எலிகளில் இன்டர்லூக்கின் 12ஐ நுண்ணிய உருண்டைகளில் அடைத்து யோனிக்குள் கொடுத்தபோது தொற்று விரைவில் அகன்றது, மறுதொற்றுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது.

அதனால்தான் கொனோறியா அந்தச் சேதி போகும் பாதையைத் தடுக்கப் பார்க்கிறது. அது எழுப்பும் வீக்கம் நடுநிலைநாடிகளை அழைக்கும் வகை. இன்டர்பெரோன் காமாவின் வழி அடக்கப்படுகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள ஓப்பா என்ற புரதங்கள் நம் கலங்களின் சியாக்காம்1 என்ற மூலக்கூறில் கொளுவிக்கொள்கின்றன. அந்த மூலக்கூறு தூண்டப்பட்ட ரீ கலங்களிலும் என்.கே. கலங்களிலும் பிரேக்காக வேலைசெய்வது. கொனோறியா அந்தப் பிரேக்கை மிதித்து ரீ கலத்தின் எழுச்சியை அடக்குவது காட்டப்பட்டிருக்கிறது. தன் மேற்பரப்பின் புரதங்களையும் மயிர் போன்ற நீட்சிகளையும் அது அடிக்கடி மாற்றிக்கொள்வதால், ஒருமுறை வந்தவருக்குத் திரும்பத் திரும்ப வரும். கிரந்திநோய் எனப்படும் சிபிலிசின் கிருமியோ வெளிச்சவ்வில் மிகக் குறைந்த புரதங்களை வைத்துக்கொண்டு கண்ணில் படாமலே திரிகிறது. அதை உடல் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் கர்ப்பிணித் தாய்மாருக்குச் சிபிலிசுக்கான வி.டி.ஆர்.எல். என்ற குருதிச் சோதனையும் எச்.ஐ.வி. சோதனையும் செய்வதால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிசும் எச்.ஐ.வியும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கை 2019இல் சான்று பெற்றது.

இந்தக் கலங்களை அளக்க விரும்பும் மாணவர்கள் தடுமாறும் இடங்கள் சில. குருதியை எப்பரின் குழாயில் எடுத்து, நீர்த்து, 1.077 அடர்த்தியுள்ள பைக்கோல் கரைசலின்மேல் மெதுவாகப் படியவிட்டு, 400 ஜியில் (புவியீர்ப்பின் 400 மடங்கு விசையில்) 30 நிமிடம் சுழற்றவேண்டும். நிறுத்தும்போது இயந்திரத்தின் பிரேக்கை அணைக்க மறந்தால் இடையில் நிற்கும் வெண்படலம் கலைந்துவிடும். நம் ஊர் வெயிலில், குளிரூட்டி இல்லாத வாகனத்தில் குருதியைக் கொண்டுவந்தாலும் அடுத்த நாளுக்கு வைத்தாலும் நடுநிலைநாடிகள் அந்தப் படலத்துக்குள் கலந்துவிடும், கொல்லும் திறனும் விழும். சீ.டி.56 என்ற மேற்பரப்பு அடையாளத்தை மட்டும் பார்த்து என்.கே. என்று எழுதுவது இன்னொரு பிழை. ரீ கலங்களிலும் அது இருக்கும். ரீ கலத்தின் அடையாளமான சீ.டி.3 இல்லாமல் சீ.டி.56 உள்ளதைத்தான் எண்ணவேண்டும். எண்ணிக்கை வேறு, வேலை வேறு: அட்டை இல்லாத கே562 என்ற வளர்ப்புப் புற்றுநோய்க் கலங்களோடு சில மணித்தியாலம் வைத்து, துகள் கொட்டியதைக் காட்டும் சீ.டி.107ஏ மேற்பரப்பில் வந்ததா என்று பார்த்தால்தான் வேலை தெரியும். கருப்பைக் கழுத்துத் தூரிகையில் கிடைக்கும் கலங்கள் மிகக் குறைவு, குருதி கலந்தால் அதுவும் வீண். மாதவிடாயின் எந்த நாள் என்று எழுதாத மாதிரிக்கு மதிப்பே இல்லை.

இனி நோயாளியின் பக்கம். என்.கே. கலத்தைப் பெருக்கும் என்று விற்கப்படும் மாத்திரையோ பானமோ கிளமிடியாவை அகற்றியதற்கு ஆதாரம் இல்லை. காசை அதற்குக் கொடுக்கவேண்டாம். பாமசியில் நாலு அமொக்சிசிலின் குளிசை வாங்கிப் போடுவது அதைவிடத் தீங்கு: பெனிசிலின் வகை மருந்துகள் ஆய்வுகூடத்தில் கிளமிடியாவை அதே பதுங்கல் நிலைக்குத்தான் தள்ளுகின்றன. சிக்கலற்ற கிளமிடியாவுக்கு இப்போது பெரிதும் பரிந்துரைக்கப்படுவது டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, 7 நாள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி உடனே படுக்காமல் இருக்கவேண்டும், இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடு குடித்தால் உறிஞ்சல் குறையும். வெயிலில் தோல் சிவந்து எரியும். தோட்டத்தில் நிற்பவர்கள் முழுக்கைச் சட்டை போடவேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. அவர்களுக்கு அசித்திரோமைசின் 1 கிராம் ஒரே தடவையாகக் கொடுக்கப்படுகிறது. கொனோறியாவுக்கு ஊசிமருந்தான செப்ட்ரையக்சோனே பிரதானம். முன்பு கேட்ட பெனிசிலினுக்கும் சிப்ரோபிளொக்சசினுக்கும் அது பரவலாக அடங்காமல் போய்விட்டது. எந்த மருந்து, எந்த அளவு என்பதை வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும்.

சோதனைக்குச் சலம் கொடுப்பவர் முன் ஒரு மணித்தியாலமாவது சலம் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20 மில்லிலீற்றர் அளவைப் பிடிக்கவேண்டும். நடுச்சலம் பிடித்தால் கிருமி தவறிவிடும். பெண்களில் யோனித் துடைப்பு மாதிரியே சலத்தைவிட நம்பகமானது. மருந்து முடிந்து இரண்டு வாரத்தில் பதற்றப்பட்டு மரபணுச் சோதனை செய்தால், செத்த கிருமியின் மிச்சமே நேர் முடிவு காட்டக்கூடும்; குறைந்தது நாலு வாரம் விடவேண்டும். இலங்கையில் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம், விபரம் இரகசியமாகவே இருக்கும். துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை முடிந்து 7 நாள் வரை உறவு தவிர்க்கவேண்டும். ஒருவர் மட்டும் மருந்து குடித்தால் கிருமி அடுத்த ஆளிடமிருந்து திரும்பி வரும். முன்வந்த தொற்றின் நினைவு மறுபடி வருவதைத் தடுக்கும் அளவுக்கு உறுதியாக நிற்பதில்லை. ஆகவே குணமானவரும் 3 மாதத்தில் மறுபடி ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.